பில்தாத் சொன்னதும் கடவுள் சொன்னதும்

"உம்முடைய துவக்கம் அற்பமாயிருந்தாலும், உம்முடைய முடிவு சம்பூரணமாயிருக்கும்." யோபு 8:7. வாழ்த்து அட்டையிலும் காலண்டரிலும் வாக்குத்தத்தமாக அச்சாகும் வசனம். புதிதாகத் தொழில் தொடங்குகிறவர்களுக்கும் புதுமணத் தம்பதிகளுக்கும் இதைச் சொல்லித்தான் ஜெபிப்பார்கள்.

அந்த அதிகாரத்தின் முதல் வசனத்துக்குப் போய், பேசுவது யார் என்று பாருங்கள். யோபுவின் நண்பர்களில் ஒருவனான, சூகியனாகிய பில்தாத். ஏழு மகன்களையும் மூன்று மகள்களையும் ஒரே நாளில் பறிகொடுத்துச் சாம்பலில் உட்கார்ந்திருக்கிற யோபுவிடம், உம்முடைய பிள்ளைகள் பாவம் செய்ததற்கான பலனைத்தான் அடைந்தார்கள் என்கிற பொருளில் பேசுகிறான் (8:4). பிறகு, நீர் சுத்தமும் செம்மையுமானவராக இருந்தால் எல்லாம் சரியாகும் என்று நிபந்தனை வைக்கிறான். அதோடு ஒட்டி வருவதுதான் நம்முடைய வாக்குத்தத்தம். புத்தகத்தின் கடைசியில், நீங்கள் என்னைக்குறித்து நிதானமானதைப் பேசவில்லை என்று கடவுளே இந்த நண்பர்கள்மேல் கோபப்படுகிறார் (42:7).

அப்படியானால் யோபு 8:7 கடவுளுடைய வார்த்தையா, இல்லையா?

"வேதாகமத்தில் இருப்பதால் கடவுள் சொன்னதுதான்" என்று ஒரே அடியாகச் சொன்னால், கடவுள் தவறு என்று தீர்ப்பளித்த பேச்சை அவர் வாயிலேயே போட்டுவிடுகிறோம். "பில்தாத் சொன்னதுதானே, தள்ளிவிடலாம்" என்றால் அதுவும் சிக்கல். இன்னொரு நண்பனான எலிப்பாஸ் யோபு 5:13-ல் சொன்ன வரியைப் பவுல் 1 கொரிந்தியர் 3:19-ல் எடுத்து, "எழுதியிருக்கிறதே" என்று ஆதாரமாகவே காட்டுகிறார். ஆக, நண்பர்கள் சொன்ன ஒவ்வொரு வாக்கியமும் பொய் அல்ல. அவர்கள் அதை யோபுவின் மேல் பொருத்திய விதம்தான் தவறு. கிறிஸ்தவர்கள் கடவுளையும் வேதத்தையும் எப்படிச் சேர்த்துப் பார்க்கிறார்கள், எங்கே பிரித்துப் பார்க்கிறார்கள் என்பதற்கு இந்த ஒரு வசனமே நல்ல சோதனை.

முதலில், சேர்த்துப் பார்க்கிற இடங்கள். யாத்திராகமம் 9:16-ல் மோசே வழியாகப் பார்வோனிடம் பேசுகிறவர் கடவுள். அதையே ரோமர் 9:17-ல் பவுல் மேற்கோள் காட்டும்போது, கிரேக்க மூலத்தில் "வேதம் பார்வோனிடம் சொல்லுகிறது" என்று எழுதுகிறார். பார்வோன் காலத்தில் எழுதப்பட்ட வேதம் எங்கே இருந்தது? பேசியவர் கடவுள், பவுலுக்கு அது "வேதம் பேசியது" என்றே வருகிறது. நம்முடைய பழைய தமிழ் மொழிபெயர்ப்பு "வேதத்தில் சொல்லியிருக்கிறது" என்று இதைச் சற்று மென்மையாக்கிவிட்டதால், மூலத்தில் இருக்கும் அதிர்ச்சி நமக்குத் தெரிவதில்லை. கலாத்தியர் 3:8-லும் இதே கதைதான்: ஆபிரகாமுக்கு வாக்குக் கொடுத்தவர் கடவுள், ஆனால் "வேதம் முன்னாகக் கண்டு" அறிவித்தது என்கிறார்.

இதற்கு நேர் எதிர்த்திசையிலும் நடக்கிறது. ஆதியாகமம் 2:24, "இதினிமித்தம் புருஷன் தன் தகப்பனையும் தன் தாயையும் விட்டு" என்பது கதை சொல்கிறவரின் வரி. அங்கே கடவுள் பேசுவதாக எந்தக் குறிப்பும் இல்லை. மத்தேயு 19:4-5-ல் இயேசு அதை, ஆதியிலே மனுஷரை உண்டாக்கினவர் சொன்னதாகவே எடுக்கிறார். சங்கீதம் 95-ஐ எபிரெயர் 3:7 எடுத்தாளும்போது, "பரிசுத்த ஆவியானவர் சொல்லுகிறபடியே" என்று நிகழ்காலத்தில் வருகிறது. சொன்னார் அல்ல, சொல்லுகிறார். வேதம் சொல்வதைக் கடவுள் சொல்வதாக எடுத்துக்கொள்ளும் கிறிஸ்தவப் பழக்கம் பின்னாளில் யாரோ ஏற்படுத்தியதல்ல. புதிய ஏற்பாட்டின் பேச்சிலேயே ஊறிக்கிடக்கிறது.

அதே புதிய ஏற்பாடு பிரித்தும் வைக்கிறது. "ஆதியிலே வார்த்தை இருந்தது, அந்த வார்த்தை தேவனிடத்திலிருந்தது, அந்த வார்த்தை தேவனாயிருந்தது" என்று யோவான் தொடங்கும்போது, அந்த வார்த்தை ஒரு புத்தகம் அல்ல. அது மாம்சமானது, மனிதர்களோடு வாழ்ந்தது. அது இயேசு என்கிற ஆள். தமிழில் வார்த்தை, வசனம், வாக்கு என்று மாற்றி மாற்றிப் பயன்படுத்துவதால் இந்த வேறுபாடு எளிதில் கலங்கிப்போகிறது. முழுமையான பொருளில் கடவுளின் வார்த்தை கிறிஸ்து. எழுதப்பட்ட வார்த்தை அவருக்குச் சாட்சி. கிறிஸ்துவை வணங்கலாம், வணங்கவேண்டும், வேதாகமத்தை வணங்கக்கூடாது. வழிபாட்டில் நற்செய்தி நூலுக்கு முத்தமிட்டுத் தூபம் காட்டுகிற சபைகள்கூட அதை ஆராதனை என்று சொல்வதில்லை, மரியாதை என்றே சொல்கின்றன.

யோவான் 5:39-ஐ இங்கே நிதானமாகப் படிக்கவேண்டும். பழைய மொழிபெயர்ப்பில் "வேதவாக்கியங்களை ஆராய்ந்துபாருங்கள்" என்று கட்டளையாக இருக்கிறது. வேத வாசிப்பை ஊக்குவிக்கும் பேச்சுகளில் நிறையக் கேட்டிருப்போம். கிரேக்கத்தில் அந்த வினைச்சொல்லின் வடிவம் கட்டளைக்கும் "ஆராய்கிறீர்கள்" என்ற கூற்றுக்கும் ஒன்றேதான். சூழலைப் பார்த்தால் இரண்டாவதே பொருந்துகிறது என்பது பெரும்பாலான இன்றைய மொழிபெயர்ப்பாளர்களின் முடிவு. ஏனென்றால் அடுத்த வசனம், "அப்படியிருந்தும் உங்களுக்கு ஜீவன் உண்டாகும்படி என்னிடத்தில் வர உங்களுக்கு மனதில்லை" என்று போகிறது. இயேசு இங்கே வேதத்தை நன்றாகப் படித்தவர்களிடம் பேசிக்கொண்டிருக்கிறார். படிப்பில் குறையில்லை. அது யாரைக் காட்டுகிறதோ அவர் எதிரே நிற்கும்போது திரும்பிக்கொள்கிறார்கள் என்பதுதான் குறை. வேதத்தை உயர்த்திப் பிடித்துக்கொண்டே கடவுளைத் தவறவிட முடியும் என்பதற்கு இதைவிடக் கடுமையான எச்சரிக்கை எனக்குத் தெரிந்து கிடையாது.

சரி, மனிதர்கள் எழுதியது எப்படிக் கடவுளின் பேச்சாகிறது? இரண்டு வசனங்கள்தான் அடிப்படை. ஒன்று 2 தீமோத்தேயு 3:16, "வேதவாக்கியங்களெல்லாம் தேவ ஆவியினால் அருளப்பட்டிருக்கிறது." கத்தோலிக்கர் பயன்படுத்தும் பொது மொழிபெயர்ப்பில் இங்கே "தூண்டுதல்" என்ற சொல் வருகிறது. மூலத்தில் இருப்பது தியோப்நியூஸ்டோஸ் என்ற ஒற்றைச் சொல், புதிய ஏற்பாடு முழுவதிலும் இந்த ஓர் இடத்தில் மட்டும் வருவது. தியோஸ் என்றால் கடவுள். மீதிப் பாதி மூச்சுவிடுவதைக் குறிக்கும் வினையிலிருந்து வந்தது. "கடவுளால் மூச்சாக வெளிவிடப்பட்டது" என்பது நெருக்கமான பொருள். எழுதி முடித்த ஒன்றுக்குள் பிற்பாடு மூச்சு ஊதப்பட்டது என்பதல்ல. பேசும்போது மூச்சோடு சொல் வருவதுபோல, கடவுளிடமிருந்து வந்தது என்பது. அந்தச் சொல் எழுத்தாளர்களைப் பற்றியும் பேசவில்லை, எழுதப்பட்டதைப் பற்றிப் பேசுகிறது. தீமோத்தேயு சிறுவயது முதல் அறிந்திருந்த வேத எழுத்துகள் என்று முந்தைய வசனம் சொல்வதால், பவுல் அங்கே முதலில் மனதில் வைத்திருப்பது நாம் பழைய ஏற்பாடு என்று சொல்கிற பகுதி.

இன்னொன்று 2 பேதுரு 1:21. "தேவனுடைய பரிசுத்த மனுஷர்கள் பரிசுத்த ஆவியினாலே ஏவப்பட்டுப் பேசினார்கள்." ஏவப்பட்டு என்கிற இடத்தில் உள்ள கிரேக்க வினை "சுமந்து செல்லப்பட்டு" என்று பொருள்படும். அப்போஸ்தலர் 27-ஆம் அதிகாரத்தில் புயலில் சிக்கிய கப்பல் காற்றின் போக்கில் கொண்டுபோகப்பட்டதாக வரும் இடத்திலும் (15, 17) இதே வினைதான். கப்பல் கப்பலாகவே இருக்கிறது, அதில் மாலுமிகளும் இருக்கிறார்கள், கொண்டுபோவது காற்று.

இரண்டாம் நூற்றாண்டில் அதெனகோரஸ் என்ற கிறிஸ்தவ எழுத்தாளர், புல்லாங்குழல் வாசிப்பவன் குழலில் ஊதுவதுபோல ஆவியானவர் தீர்க்கதரிசிகளைப் பயன்படுத்தினார் என்று எழுதினார். அழகான உவமைதான். அதையே முழு விளக்கமாக எடுத்துக்கொண்டால், கடவுள் சொல்லச் சொல்ல மனிதன் எழுதினான் என்கிற நிலைக்கு வந்துவிடுகிறோம். வேதாகமமே அதற்கு இடங்கொடுக்கவில்லை. லூக்கா தன் நற்செய்தியின் முதல் நான்கு வசனங்களில், கண்ணாரக் கண்டவர்கள் ஒப்புவித்ததை ஆதிமுதல் திட்டமாய் விசாரித்து ஒழுங்காக எழுதுகிறேன் என்கிறார். ரோமர் நிருபத்தைக் கையால் எழுதிய தெர்தியு, 16:22-ல் தன் சொந்த வாழ்த்தையும் நடுவில் சேர்த்துக்கொள்கிறார். இவற்றைவிட எனக்குப் பிடித்தது 1 கொரிந்தியர் 1:14-16. கிறிஸ்புவுக்கும் காயுவுக்கும் தவிர வேறு யாருக்கும் ஞானஸ்நானம் கொடுக்கவில்லை என்று பவுல் எழுதிவிடுகிறார். உடனே ஸ்தேவானின் வீட்டார் நினைவுக்கு வருகிறார்கள், திருத்திக்கொள்கிறார். பிறகு, இன்னும் யாருக்காவது கொடுத்தேனோ இல்லையோ அறியேன் என்று முடிக்கிறார். சொல்லச் சொல்ல எழுதியதென்றால் இந்த மறதி யாருடையது? மனிதனின் நினைவு தடுமாறுவதைக்கூட அப்படியே வைத்துக்கொண்டு பேசுவதுதான் இந்தக் கடவுளின் வழி.

அதனால்தான் முக்கிய சபை மரபுகள் எல்லாம் "இரட்டை ஆசிரியம்" என்கிற நிலையில் நிற்கின்றன: ஆசிரியர் கடவுள், ஆசிரியர் மனிதனும்தான்; பாதிக்குப் பாதி அல்ல, முழுக்க முழுக்க இருவரும். 1965-இல் கத்தோலிக்கத் திருச்சபையின் இரண்டாம் வத்திக்கான் சங்கம் வெளியிட்ட இறைவெளிப்பாடு பற்றிய கொள்கை விளக்கம் மனித எழுத்தாளர்களை உண்மையான ஆசிரியர்கள் என்றே சொல்கிறது. வார்த்தை மாம்சமானதுபோலக் கடவுளின் சொற்கள் மனித மொழியைப் பூண்டன என்று ஒப்பிடவும் செய்கிறது. அந்த ஒப்புமைக்கு எல்லை உண்டு: கிறிஸ்துவில் கடவுளும் மனிதனும் ஒரே ஆளாக இருக்கிறார்கள். வேதம் ஆள் அல்ல. எல்லையை மறந்தால் புத்தகமே இன்னொரு தெய்வமாகிவிடும்.

"பிழையில்லாதது" என்ற சொல்லில்தான் சபைகள் பிரிகின்றன. 1978-இல் சிகாகோவில் சுவிசேஷ சபை அறிஞர்கள் கூடி வெளியிட்ட அறிக்கை, வேதம் தான் உறுதிப்படுத்துகிற எல்லாவற்றிலும் பிழையற்றது என்கிறது. பலர் கவனிக்காத இரண்டு விஷயங்கள் அதிலேயே இருக்கின்றன. ஒன்று, அந்தக் கூற்று மூலக் கையெழுத்துப் பிரதிக்கே நேரடியாகப் பொருந்தும். நகல்களும் மொழிபெயர்ப்புகளும் மூலத்தை எவ்வளவு உண்மையாகக் காட்டுகின்றனவோ அவ்வளவுக்கே கடவுளின் வார்த்தை. மற்றொன்று, முழு எண்ணாக்கிச் சொல்வது, கண்ணுக்குத் தெரிகிறபடி இயற்கையை வர்ணிப்பது, சுதந்திரமாக மேற்கோள் காட்டுவது போன்றவை பிழைகள் ஆகா. வத்திக்கான் சங்கமோ, நம் மீட்புக்காகக் கடவுள் எழுதிவைக்க விரும்பிய உண்மையை வேதம் பிழையின்றிக் கற்பிக்கிறது என்று நோக்கத்தை முன்வைக்கிறது. இருபதாம் நூற்றாண்டின் புராட்டஸ்டண்டு இறையியலாளர் கார்ல் பார்த் கடவுளின் வார்த்தையை மூன்று வடிவில் பார்த்தார்: வெளிப்பட்ட கிறிஸ்து, எழுதப்பட்ட வேதம், அறிவிக்கப்படும் பிரசங்கம். கடவுள் பேசும்போது வேதம் அவருடைய வார்த்தையாகிறது என்று அவர் சொன்னதை, அப்படியானால் அவர் பேசாத நேரத்தில் அது என்ன என்று கேட்டு மறுத்தவர்கள் உண்டு. அந்தக் கேள்வி நியாயமானது. ஆனால் புத்தகம் கையில் இருப்பதால் கடவுள் பையில் இருக்கிறார் என்று நினைப்பதற்கு பார்த் கொடுத்த அடியும் நியாயமானது.

முரண்பாடு போல ஏதாவது கண்ணில் பட்டால் என்ன செய்வது? ஆதிச் சபையின் ஆயரான அகஸ்டின், வேதத்தை லத்தீனில் மொழிபெயர்த்த ஜெரோமுக்கு எழுதிய கடிதம் ஒன்றில் தன் வழக்கத்தைச் சொல்கிறார். உண்மைக்கு மாறாகத் தெரியும் இடத்தைக் கண்டால் மூன்றில் ஒன்று என்று கொள்வாராம்: பிரதி பிழையானது, மொழிபெயர்த்தவர் பொருளைப் பிடிக்கவில்லை, அல்லது எனக்குப் புரியவில்லை. 1,600 ஆண்டுகள் கழித்தும் இந்த மூன்றும் அப்படியே வேலை செய்கின்றன.

பிரதிக்கு ஓர் உதாரணம் 1 யோவான் 5:7. பழைய தமிழ் மொழிபெயர்ப்பில் "பரலோகத்திலே சாட்சியிடுகிறவர்கள் மூவர்" என்று பிதா, வார்த்தை, பரிசுத்த ஆவி பெயரோடு இருக்கிறது. புதிய மொழிபெயர்ப்புகளில் காணோம். உடனே, வேதத்தை வெட்டிவிட்டார்கள் என்று செய்தி பரவும். நடந்தது வேறு. அந்த வரி பழைய கிரேக்கப் பிரதிகளில் இல்லை. மிகச் சில பிற்காலப் பிரதிகளில் மட்டும் உண்டு. எராஸ்மஸ் என்ற அறிஞர் 1516-இலும் 1519-இலும் அச்சிட்ட கிரேக்கப் புதிய ஏற்பாட்டில் அதைச் சேர்க்கவில்லை. 1522 பதிப்பில் சேர்த்தார். அந்த வழியாக அது பழைய மொழிபெயர்ப்புகளுக்குள் வந்தது. அதை எடுத்ததால் திரித்துவப் போதனை விழுந்துவிடாது. அந்தப் போதனை நான்காம் நூற்றாண்டில் உறுதிப்பட்டபோது இந்த வரியின் மேல் நிற்கவில்லை. கடவுள் பேசினார் என்று உண்மையாக நம்புகிறவர், அவர் பேசாத வரியை அவருக்கு ஏற்றிச் சொல்வதற்கும் பயப்படவேண்டும்.

எந்தப் புத்தகங்கள் வேதம் என்பதை யார் முடிவுசெய்தார்கள் என்ற கேள்வியும் இங்கேதான் வரும். 367-இல் அலெக்சாந்திரியா ஆயர் அத்தனாசியுஸ் தன் பாஸ்கா கடிதத்தில் கொடுத்த பட்டியலில், இன்றைய புதிய ஏற்பாட்டின் 27 புத்தகங்களும் கூடாமல் குறையாமல் இருக்கின்றன. ஆனால் பவுலின் கடிதங்கள் அதற்கு மிக முன்பே வேதமாக வாசிக்கப்பட்டன. 2 பேதுரு 3:16 அவற்றை "மற்ற வேதவாக்கியங்களோடு" சேர்த்தே பேசுகிறது. பழைய ஏற்பாட்டில் ஒற்றுமை இல்லை. புராட்டஸ்டண்டு வேதாகமத்தில் மொத்தம் 66, கத்தோலிக்க விவிலியத்தில் 73 (1546-இல் திரெந்து சங்கம் இதை அறுதியிட்டது), கிழக்கத்திய மரபுவழிச் சபைகளில் இன்னும் கூடுதல். சபை வேதத்தை உண்டாக்கவில்லை, அடையாளம் கண்டது என்பதில் எல்லோரும் ஏறக்குறைய ஒரே குரல். எதைக் கொண்டு அடையாளம் கண்டது என்பதில்தான் வேறுபாடு. புராட்டஸ்டண்டு சீர்திருத்தவாதியான கால்வினும் அவர் வழியில் 1646-இல் எழுதப்பட்ட வெஸ்ட்மின்ஸ்டர் விசுவாச அறிக்கையும், வேதத்தின் அதிகாரம் எந்த மனிதனையும் சபையையும் சார்ந்ததல்ல, ஆசிரியரான கடவுளைச் சார்ந்தது, அதை நம் இருதயத்தில் உறுதிப்படுத்துவது ஆவியானவரின் உள்ளான சாட்சி என்கின்றன. கத்தோலிக்கர், வேதமும் மரபும் ஒரே ஊற்றிலிருந்து வருவன, சபையின் போதக அதிகாரம் கடவுளின் வார்த்தைக்கு மேலானதல்ல, அதற்கு ஊழியம் செய்வது என்கிறார்கள்.

வசனத்தைக் கடவுளுக்கு எதிராகவே பயன்படுத்தவும் முடியும். மத்தேயு 4:6-ல் பிசாசு சங்கீதம் 91:11-12-ஐ மேற்கோள் காட்டுகிறான். "எழுதியிருக்கிறது" என்கிற சொல்லோடுதான். ஆனால் "உன் வழிகளிலெல்லாம் உன்னைக் காக்கும்படி" என்ற பகுதி அவன் வாயில் வரவில்லை. கோபுரத்திலிருந்து குதிப்பது அந்த வழிகளில் ஒன்றல்ல. இயேசு உபாகமம் 6:16-ஐக் கொண்டு பதில் சொல்கிறார். ஒரு வசனத்தை இன்னொரு வசனத்தால் அடித்துவிட்டார் என்பதல்ல. முழு வேதத்தின் போக்கிலிருந்து பிரித்தெடுத்த துண்டை அதே போக்குக்குள் திரும்ப வைக்கிறார். வேதத்தை வேதத்தால் விளக்கு என்று சொல்வது இதைத்தான். கண்ணை மூடிப் புத்தகத்தைத் திறந்து விரல் பட்ட வசனத்தை இன்றைய கட்டளையாக எடுப்பதில் நடக்கிற தவறும் இதேதான். புதிய ஏற்பாட்டின் இன்றைய வசன எண்களே 1551-இல் ராபர்ட் எஸ்தியேன் என்ற அச்சுக்காரர் போட்டவை. எண் போட்ட இடத்தில் கடவுளின் பேச்சு தொடங்கி முடிவதில்லை.

ஆகவே எந்த வசனத்தையும் "கடவுள் சொல்கிறார்" என்று எடுப்பதற்குமுன் கேட்கவேண்டியவை அதிகமில்லை. பேசுவது யார்? யாரிடம், எந்த நேரத்தில்? புத்தகம் அந்தப் பேச்சைப் பிற்பாடு ஏற்கிறதா, கண்டிக்கிறதா? கவிதையா, சட்டமா, கடிதமா, கதையா? கிறிஸ்துவில் அது எங்கே போய்ச் சேர்கிறது? மனப்பாடமாகத் தெரிந்த வசனத்துக்கே இவை அதிகம் தேவை. தெரிந்த வசனத்தின் அக்கம்பக்கத்தைத்தான் நாம் பார்ப்பதே இல்லை.

இவற்றோடு யோபு 8:7-க்குத் திரும்பினால், கடவுள் நமக்குச் சொல்வது பில்தாதின் அந்த ஒரு வாக்கியத்தில் இல்லை. பில்தாதைப் பேசவிட்டு, யோபுவை அழவிட்டு, கடைசியில் தானே பேசுகிற 42 அதிகாரங்களில் இருக்கிறது. யோபுவின் முடிவு சம்பூரணமாகத்தான் ஆனது. முன்னிலைமையைப் பார்க்கிலும் பின்னிலைமையைக் கர்த்தர் ஆசீர்வதித்தார் என்று 42:12 சொல்கிறது. ஆனால் பில்தாத் போட்ட கணக்குப்படி அல்ல. ஏழு காளைகளையும் ஏழு ஆட்டுக்கடாக்களையும் கொண்டுபோய், யோபு உங்களுக்காக ஜெபிக்கட்டும் என்று அந்த நண்பர்கள் அனுப்பப்படுகிறார்கள். யோபு தன் சிநேகிதருக்காக ஜெபித்தபோதுதான் அவனுடைய சிறையிருப்பு, அதாவது துன்ப நிலை, மாறுகிறது (42:10). எட்டாம் அதிகாரத்தில் அவ்வளவு உறுதியாகப் பேசிய பில்தாத், அந்த ஜெபத்துக்காகக் காத்திருந்தவர்களில் ஒருவன்.